மேலிருந்து வழியில்லாத சுரங்கம்: கடலடிச் சாலை வேலைக்குப் போகும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் சுரங்க வேலைக்கு வரும்போது கையில் ஒரு முதலோடுதான் வருகிறார்கள். வீட்டில் யாராவது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் போயிருப்பார்கள், இல்லையென்றால் கல் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்திருப்பார்கள். ராடு இறங்கும் வேகத்தை வைத்தே பாறை மாறியதைச் சொல்லிவிடுவார்கள். சாம்பல் நிறத்தில் வந்த புழுதி செம்மண் நிறத்துக்குத் திரும்பினால் விரிசல் வந்துவிட்டது என்று தெரியும். இந்த அறிவு கடலடிச் சுரங்கத்தில் அப்படியே பயன்படும். தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியது தண்ணீரைப் பற்றிய எண்ணத்தை மட்டும்தான். 800 அடியில் ஈரம் தட்டினால் தோட்டக்காரர் முகம் மலரும். கடலடியில், முகப்புக்கு, அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் முனைக்கு, முன்னால் ஈரம் தட்டினால் அன்றைய வெடி நிற்க வேண்டும்.

ஆனால் தண்ணீர் அதிகம் என்பது மட்டும் வித்தியாசம் இல்லை. நிலத்துக்கு அடியில் ஏதாவது கெட்டால் மேலிருந்து குழி இறக்கலாம், கடலுக்கு அடியில் அது முடியாது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் சாலைச் சுரங்கம் தோண்டிய 'பெர்த்தா' என்ற இயந்திரம் நின்றுபோனது. விட்டம் 17.45 மீட்டர். மெயின் பேரிங்கின் சீல் கெட்டுவிட்டது. சுமார் 36 மீட்டர் ஆழத்துக்குக் குழி இறக்கி, ஏறத்தாழ 2,000 டன் எடையுள்ள முன்பகுதியை மேலே தூக்கி, பழுது பார்த்து மறுபடி இறக்கினார்கள். 2015 டிசம்பரில்தான் அது மீண்டும் நகர்ந்தது. இவ்வளவும் முடிந்ததற்குக் காரணம், அது கரையோரத்தில், நிலத்துக்கு அடியில் நின்றதுதான். நடுக்கடலில் நின்றிருந்தால் குழி இறக்க இடமே இருந்திருக்காது. அதனால் கடலடி வேலையில் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், எந்த முறையை முடிவு செய்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கெட்டால் உள்ளிருந்தே சரிசெய்ய முடியுமா? கீழே வருவதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

துளை போட்டுப் பார்ப்பது

கடலில் ஒரு ஆய்வுத் துளை போட, கால்களைக் கடல்தரையில் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் மேடை வேண்டும். கரையில் ஆகும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். அதனால் துளைகளைக் குறைத்து மிச்சம் பிடிக்கத் தோன்றும். பிறகு முகப்பில் நின்று தவிப்பதற்கு அந்த மிச்சம்தான் காரணமாக இருக்கும்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஆய்வுத் துளையைச் சுரங்கத்தின் நேர்க்கோட்டில் போடக்கூடாது, 10 முதல் 20 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். முடிந்ததும் சிமென்ட்-பெண்டோனைட் (நீரில் ஊறி வீங்கும் களிமண்) கலவையை அடியிலிருந்து மேலாக நிரப்பி மூட வேண்டும். மூடாத துளை, கடலையும் உங்கள் முகப்பையும் நேராக இணைக்கும் குழாய். உள்ளே விட்டுப்போன கேசிங் பைப்பும் அதே அளவு ஆபத்து. பெர்த்தா நிற்பதற்குச் சில நாட்களுக்கு முன், பல வருடம் முன்னே நிலத்தடி நீர் ஆய்வுக்காக இறக்கிய 8 அங்குல எஃகுக் குழாயில் மோதியது. பழுதுக்கு அதுதான் காரணமா என்று பிறகு நீதிமன்றம் வரை போனார்கள். காரணம் எதுவானாலும், எடுக்காமல் விட்ட குழாய் சுரங்கத்தின் பாதையில் இருக்கவே கூடாது.

துளைகளுக்கு இடையில் உள்ளதை அதிர்வலை ஆய்வு சொல்லும். நல்ல பாறையில் அலை வேகமாக ஓடும், நொறுங்கிய பகுதியில் தாமதிக்கும். வேகம் குறையும் இடங்கள் பெரும்பாலும் கடல்தரை மிக ஆழமாக இருக்கும் இடத்துக்கு நேர் கீழேயே வரும். இது தற்செயல் இல்லை. பாறை எங்கே உடைந்திருக்கிறதோ அங்கேதான் பனியாறும் ஆறும் அரித்துப் பள்ளமாக்குகின்றன. சேர்வராயன், கல்வராயன் மலைகளுக்குத் தெற்கே சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கி ஓடும் தாழ்நிலத்தைப் பாருங்கள். புவியியலாளர்கள் அதைச் சேலம்-ஆத்தூர் வெட்டு மண்டலம் என்கிறார்கள். மலை கெட்டிப்பாறையில் நிற்கிறது, பள்ளம் நொறுங்கிய மண்டலத்தைத் தொடர்ந்து போகிறது. கடலடியிலும் இதே கதைதான். நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில்தான் பாறை மிக மோசமாகவும் இருக்கும்.

இதைத் தவிர்க்க இன்னும் ஆழமாகப் போகலாம் என்றால் நீளம் கூடும். 5 சதவீதச் சரிவில் 10 மீட்டர் கூடுதலாக இறங்க, ஒரு பக்கத்துக்கு 200 மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 400 மீட்டர் அதிகம் தோண்ட வேண்டும். மேலே விடும் பாறை மூடாக்கு எவ்வளவு என்பது அதனால் பெரிய பண விவகாரம். நார்வே சாலைத்துறை வழக்கமாக 50 மீட்டருக்குக் குறையாத பாறையை மேலே விடச் சொல்கிறது. அந்த எண்ணைக் குறைக்க யாராவது கேட்டால், அதிர்வலை ஆய்வின் படத்தை மேஜையில் விரித்துவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

வெடி வைத்துத் தோண்டும் இடத்தில்

கெட்டிப்பாறை என்றால் வெடிமுறை, சேறும் மணலும் என்றால் டி.பி.எம். (சுரங்கம் தோண்டும் இயந்திரம்) என்று தோராயமாகச் சொல்லலாம். கடல்தரையில் பள்ளம் தோண்டி, வார்த்த பெட்டிகளை இறக்கி மூடும் முறையும் உண்டு. ஆழம் குறைந்த கடலுக்கு அது நல்லது, இங்கே அதை விட்டுவிடுகிறோம்.

வெடிமுறையில் உலகத்துக்கே வாத்தியார் நார்வே. 1980களின் தொடக்கத்தில் வார்டோ சுரங்கத்தில் ஆரம்பித்தார்கள். 2008-ல் திறந்த ஐக்சுண்ட் கடல்மட்டத்துக்குக் கீழே 287 மீட்டர் போகிறது. 2019 கடைசியில் திறந்த ரீஃபில்கே சுமார் 14.4 கிலோமீட்டர் நீளம், 292 மீட்டர் ஆழம். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ரோக்ஃபாஸ்ட் சுமார் 27 கிலோமீட்டர், ஆழம் 390 மீட்டரை ஒட்டி. 10 மீட்டர் நீருக்கு ஒரு பார் அழுத்தம் என்று போட்டால் 292 மீட்டரில் 29 பார். நம் ஊர் ரிக் கம்ப்ரஸர் தரும் காற்றழுத்தத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலேயோ பாறைக்குள் நீர் நிற்கிறது என்று பொருள்.

அங்கே ஒவ்வொரு சில வெடிக்கும் முன்னால் முன்னோட்டத் துளை போடுகிறார்கள். வெடிக்குத் துளை போடும் அதே ஜம்போ இயந்திரம்தான். முகப்பின் விளிம்பில் நான்கு முதல் ஆறு துளை, ஒவ்வொன்றும் 30 மீட்டர் நீளம், சற்று வெளிப்பக்கம் சாய்த்து. அடுத்த சுற்றுத் துளை தொடங்கும்போது முந்தையது இன்னும் 8 முதல் 10 மீட்டர் முன்னால் மிச்சம் இருக்க வேண்டும். நொறுங்கிய மண்டலம் நெருங்கினால் துளையின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், பாறையை உருளையாக வெட்டிக் கோர் எடுப்பார்கள்.

துளைக்காரரின் கை இங்கேதான் பேசும். ராடு திடீரென்று வேகமாக இறங்கினதா, சிக்கினதா, திரும்பி வரும் தண்ணீர் நின்றுபோனதா, நிறம் மாறியதா என்று மீட்டர்வாரியாக எழுத வேண்டும். ஜம்போவின் கணினி இதையெல்லாம் பதிவு செய்யும், ஆனாலும் நோட்டில் எழுதுவதை விடாதீர்கள். கணினி வேகத்தைச் சொல்லும், வெளியே வந்த தண்ணீரின் நிறத்தைச் சொல்லாது.

25 பார் நீருள்ள பாறையில் வெறும் துளை போட்டுவிட்டு ராடை உருவினால், அந்தத் துளையை மூட முடியாது. முதலில் இரண்டு மூன்று மீட்டருக்குப் பெரிய துளை போட்டு, எஃகுக் குழாயைச் சிமென்ட் வைத்து உறையவிட்டு, அதன் வாயில் வால்வு மாட்டி, வால்வு வழியாகத்தான் உள்ளே துளைக்க வேண்டும். மோசமான இடம் என்று தெரிந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. குழாய் உறைய ஒரு இரவு போகும். போகட்டும்.

ஒரு துளையில் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டருக்கு மேல் நீர் வந்தால் வெடியை நிறுத்தி கிரவுட்டிங் (விரிசலில் சிமென்ட் கலவை ஏற்றி அடைப்பது) தொடங்குவது பொதுவான வரம்பு. குடை விரித்ததுபோல முகப்பைச் சுற்றி 20, 30 துளைகள், 20 முதல் 25 மீட்டர் நீளம், நுனி சுரங்கச் சுற்றுக்கு வெளியே நான்கைந்து மீட்டர் போகும்படி. ஒவ்வொன்றிலும் துளையை அடைத்துப் பிடிக்கும் பேக்கர் மாட்டி, அடித்துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலவை கீழே வழிந்து, கீழ்த்துளைகளை அரைகுறையாக அடைத்துவிடும். பிறகு அந்தத் துளையில் ஒன்றும் ஏறாது, ஆனால் பாறை நிரம்பியிருக்காது.

கலவையின் அழுத்தம் நீரழுத்தத்தைத் தாண்ட வேண்டும். 25 பார் நீருக்கு 60, 80 பார் வரை போவது சாதாரணம். சாதாரண சிமென்ட்டின் துகள் பெரியது, முடி போன்ற விரிசலில் நுழையாது. 0.1 மில்லிமீட்டர் வாக்கில் உள்ள விரிசலுக்கு மைக்ரோ சிமென்ட் வேண்டும். ஒரு துளையில் ஆயிரக்கணக்கான கிலோ ஏறியும் அழுத்தம் உயரவில்லை என்றால், மோட்டாரை இன்னும் தட்டுவதில் பயன் இல்லை. கலவையில் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்குங்கள், கொஞ்ச நேரம் உறையவிடுங்கள், பக்கத்துத் துளையில் கலவை எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். மாறாக, அழுத்தம் ஏறிக்கொண்டே வந்து சட்டென்று விழுந்து, கலவை ஓட்டம் கூடினால் பாறையே பிளந்துவிட்டது. முகப்பின் பாறை வலுவில்லாத இடத்தில் இது நடக்கும். அங்கே முதலில் ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) போட்டு முகப்பைக் கட்டிவிட்டுத்தான் அழுத்தம் ஏற்ற வேண்டும்.

முடிந்ததும் மூன்று முதல் ஐந்து சோதனைத் துளை. நீர் குறையவில்லையா, இரண்டாவது சுற்று கிரவுட்டிங். இங்கேதான் மேலாளர்கள் அவசரப்படுவார்கள். வெட்டிவிட்டு உள்ளிருந்து அடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வெட்டிய பிறகு ஓடும் நீருக்கு எதிராகக் கலவை நிற்காது, அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முன்னால் அடைப்பதற்கு ஆகும் நேரத்தைப் போலப் பல மடங்கு பின்னால் ஆகும்.

முழுக்கவும் அடைக்க முடியாது. நார்வேயில் ஒரு கிலோமீட்டருக்கு நிமிடம் 300 லிட்டர் வரை கசிவை ஏற்கிறார்கள். 14.4 கிலோமீட்டர் சுரங்கம் முழுக்க அந்த வரம்பைத் தொட்டால் நாளுக்கு 62 லட்சம் லிட்டர். அதை 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, 65 சதவீதத் திறனுள்ள பம்புக்குச் சுமார் 450 எச்.பி. வேண்டும், இரவும் பகலும், சுரங்கம் இருக்கும் காலம் வரை. கசிவு இரண்டு மடங்கானால் கரண்ட் பில்லும் இரண்டு மடங்கு. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதால், அடிப்பகுதியில் ஒரு நாள் கசிவைத் தாங்கும் தொட்டி வைக்கிறார்கள். கட்டும்போது இந்தத் தொட்டியும் நிரந்தரப் பம்பும் கிடையாது. சரிவில் கீழே இறங்கிக்கொண்டே தோண்டும் முகப்பில் தண்ணீர் உங்களை நோக்கித்தான் ஓடி வரும். மாற்றுப் பம்பும் தனி ஜெனரேட்டரும் முகப்புக்கு அருகில் தயாராக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கிரவுட்டுக்கும் அடங்காத இடங்கள் வரும். ஓஸ்லோஃபியோர்டு சுரங்கத்தில், பாறை என்று நம்பிய இடத்தில் பனியாறு அரித்து மண் நிரம்பிய பள்ளம் குறுக்கிட்டது. நிலத்தை உறையவைத்துத்தான் கடந்தார்கள். கிறிஸ்டியன்சுண்ட் அருகே 2009-ல் திறந்த அட்லாண்டிக் சுரங்கத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், முகப்பு சரிந்து மேலே குகை போல ஏறியது. முகப்பையே கான்கிரீட்டால் அடைத்து நிறுத்தி, பிறகு கிரவுட் செய்து, சின்னச் சின்ன அடியாகக் கடந்தார்கள். இதில் கற்க வேண்டியது தயார்நிலை. மோசமான மண்டலத்துக்குள் போகும் முன்பே ஷாட்கிரீட் இயந்திரம் முகப்பில், கான்கிரீட் பிளான்ட்டில் ஆள், முகப்புக்கு முன்னால் கூரையைத் தாங்கச் செருகும் 6 மீட்டர் ஸ்பைலிங் கம்பிகள் கைக்கெட்டும் தூரத்தில். சரிவு தொடங்கிய பிறகு பிளான்ட்டுக்குப் போன் பண்ணினால் நேரம் போதாது.

பாறையைப் பிடித்து நிறுத்தும் போல்ட் உப்புநீரில் அரிப்பது இன்னொரு தொல்லை. துத்தநாகப் பூச்சின்மேல் எபாக்சியும் பூசிய போல்ட்தான் அங்கே போடுகிறார்கள், அதைச் சுற்றிச் சிமென்ட் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். ஷாட்கிரீட்டை மெல்லிசாகப் போட்டால் சில வருடத்திலேயே இளகும். கடல்நீரில் வரும் இரும்பு, மாங்கனீசு நுண்ணுயிரிகளும் அதை அரிக்கின்றன.

டி.பி.எம். உள்ளே

மும்பை கடற்கரைச் சாலையில் பிரியதர்ஷினி பூங்காவுக்கும் கிர்காவ் சௌபாத்திக்கும் இடையே ஓடிய 'மாவளா'வின் விட்டம் 12.19 மீட்டர். அது குழம்புமுறை இயந்திரம், அதாவது பெண்டோனைட் குழம்பின் அழுத்தத்தால் முகப்பைத் தாங்குவது. டோக்கியோ விரிகுடாவில் 1997-ல் திறந்த அக்வாலைனுக்கு 14.14 மீட்டரில் எட்டு இயந்திரங்கள் வேலை பார்த்தன. எதிரெதிராக வந்த இயந்திரங்கள் கடலுக்கு அடியிலேயே சந்தித்தன, சந்திக்கும் இடத்து மண்ணை உறையவைத்து இணைத்தார்கள். ஹாங்காங்கில் துன்மூன்-செக்லாப்காக் இணைப்புக்கு 17.6 மீட்டர். இஸ்தான்புல்லின் யூரேசியா சுரங்கம், 2016 டிசம்பரில் திறந்தது, 13.7 மீட்டர், கடல்மட்டத்துக்குக் கீழே 106 மீட்டர்.

இந்தக் கடைசி எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 106 மீட்டருக்கு ஏறத்தாழ 11 பார், அதாவது சதுர மீட்டருக்கு 110 டன். முகப்பின் பரப்பு 147 சதுர மீட்டர். பெருக்கினால் 16,000 டன். வெட்டுவதற்கு முன்னாலேயே, நீர் மட்டும் இயந்திரத்தை இவ்வளவு பலத்தோடு பின்னால் தள்ளுகிறது. வளைந்த கான்கிரீட் துண்டுகளை (செக்மென்ட்) அடுக்கி ரிங் கட்டும்போது, முந்தைய ரிங்கில் ஊன்றி இயந்திரத்தை முன்னே தள்ளும் ஜாக்குகளைப் பின்னிழுக்க வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் அடுத்த செக்மென்ட் வரும் இடத்து ஜாக்குகளை மட்டும் இழுக்க வேண்டும், மற்றதெல்லாம் அழுத்தத்தோடு நிற்க வேண்டும். அவசரத்தில் ஒரு குழு ஜாக்கைக் கூடுதலாக இழுத்தால் இயந்திரம் பின்னால் வரும், முகப்பு அழுத்தம் விழும், வால்பகுதி சீல் சிதையும். செக்மென்ட்டைத் தூக்கி வைக்கும் எரெக்டரை இயக்குபவரும் ஜாக் இயக்குபவரும் ஒரே மொழியில் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

முகப்பு அழுத்தத்தின் இடைவெளி குறுகலானது. குறைந்தால் மண் சரியும், கூடினால் குழம்பு கடல்தரையைப் பிளந்துகொண்டு வெளியேறும். 14 மீட்டர் இயந்திரத்தின் உச்சிக்கும் அடிக்குமே குழம்பின் எடையால் ஒன்றரை பார் வித்தியாசம். இதற்கு மேல் ஏற்ற இறக்க ஓதம். மும்பையில் பெரிய ஓதத்தில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் மாறும், அதாவது 0.4 பார். அதனால் ஓத அட்டவணை ஓட்டுநரின் மேஜையில் இருக்க வேண்டும், ஷிப்டுக்கு நடுவே அழுத்தத்தைத் திருத்த வேண்டும்.

தோண்டிய அளவையும் ரிங்குக்கு ரிங் பாருங்கள். 14 மீட்டர் விட்டம், 2 மீட்டர் ரிங் என்றால் 308 கன மீட்டர். உள்ளே போகும் குழம்பு, வெளியே வரும் குழம்பு இரண்டின் ஓட்டத்தையும் அடர்த்தியையும் அளந்தால் வெளியேறிய மண்ணின் எடை கிடைக்கும். பத்து சதவீதம் கூடினால் தலைக்கு மேலே வெற்றிடம் உருவாகிறது. அடுத்த ரிங் தொடங்கும் முன் காரணம் தெரிய வேண்டும்.

குழம்பைப் பற்றி ஒரு சொல். பெண்டோனைட்டை உப்புநீரில் கலந்தால் ஊறாது, திரிந்து கட்டியாகிக் கீழே படியும். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிறகுதான் பயன்படுத்த வேண்டும். முகப்பில் கடல்நீர் கலப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அது கெடும். பிசுக்குத்தன்மையை மார்ஷ் புனலில் (குழம்பு ஒழுகும் நேரத்தை அளப்பது) ஷிப்டுக்குப் பலமுறை பார்த்து, பாலிமர் சேர்த்தோ புதிதாக மாற்றியோ காப்பாற்ற வேண்டும். கெட்ட குழம்பு முகப்பில் படலம் கட்டாது. படலம் இல்லாவிட்டால் அழுத்தம் இருந்தும் முகப்பு நிற்காது.

பல் தேய்வதும் அதை மாற்றுவதும்

ஏற்காடு மலைப்பாதையின் வெட்டுமுகங்களைப் பார்த்திருப்பீர்கள். சார்னோக்கைட் பாறை மேலே உதிர்ந்து செம்மண்ணாகியிருக்கும், அதற்குள்ளே வண்டி அளவு உருண்டைக் கற்கள் உளுத்துப்போகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். டி.பி.எம்.முக்கு இதைவிடக் கொடிய நிலம் இல்லை. கடலடியிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பாதி முகப்பு மெத்தென்ற மண், பாதி கெட்டிப்பாறை. வெட்டுத்தலையின் பல்லான டிஸ்க் கட்டர் ஒரு சுற்றில் மண்ணில் ஓடிவந்து பாறையின் விளிம்பில் இடிக்கும். கட்டர் வளையம் உடையும், பேரிங் சிக்கும். சிக்கிய டிஸ்க் உருளாமல் ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும், அதன் சுமை பக்கத்து டிஸ்க்குக்குப் போகும், பிறகு அதுவும் போகும். அங்கே வேகத்தைக் குறைத்துச் சுற்றையும் குறைத்து ஓட்டுவது தவிர வேறு வழி இல்லை.

ஒரே சீரான பாறையிலும் தேய்மானம் சின்னதில்லை. 14 மீட்டர் வெட்டுத்தலையின் ஓரத்து டிஸ்க் ஒரு சுற்றுக்கு 44 மீட்டர் ஓடுகிறது. சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் ஊடுருவினால் 2 மீட்டர் ரிங்குக்கு 200 சுற்று, அதாவது 8.8 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 4,400 கிலோமீட்டர், குவார்ட்ஸ் கலந்த பாறையை நசுக்கிக்கொண்டே.

மாற்றுவதற்கு ஆள் வெட்டுத்தலையை ஒட்டிய முன்னறைக்குள் போக வேண்டும். குழம்பைப் பாதி இறக்கிவிட்டு, அழுத்தக் காற்றால் முகப்பைத் தாங்கிப் பிடித்து உள்ளே நுழைகிறார்கள். இறக்கும் முன் கெட்டியான பெண்டோனைட்டைச் செலுத்தி முகப்பில் படலம் கட்டவிட வேண்டும். பிறகு காற்றுச் செலவைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் தொடர்ந்து கூடுதலாக ஓடினால் காற்று எங்கோ தப்புகிறது. மேலே படகில் இருப்பவர் குமிழி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பும் காற்று வழியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். அதைச் சரிசெய்யாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

நான்கு பாருக்குள் சாதாரணக் காற்றில் வேலை பார்க்கலாம், ஆனால் அழுத்தம் கூடக்கூட வேலை நேரம் சுருங்கும், வெளியே வரும் அழுத்தக் குறைப்பு நேரம் நீளும். அதற்கு மேலே போனால் நைட்ரஜன் போதை தலைக்கேறும், ஹீலியம் கலந்த வாயு வேண்டும். ஹாங்காங்கில் ஆழ்கடல் டைவர்களைப்போல ஆட்களை அழுத்த அறையிலேயே நாள்கணக்கில் தங்கவைத்து, அழுத்தம் குறையாத கூண்டில் முகப்புக்கு அழைத்துப்போய் வந்தார்கள். யூரேசியாவில் 11 பார் என்பதால் வேறு வழி: வெட்டுத்தலையின் கைகளுக்குள்ளேயே ஆள் போகும் அறை, சாதாரணக் காற்றழுத்தத்தில் நின்று, அடைப்பு வாயில் வழியாக டிஸ்க்கைப் பின்னாலிருந்து கழற்றி மாட்டலாம். இதற்காக வெட்டுத்தலை கனமாகிறது, திறப்புகள் குறைகின்றன, களிமண் ஒட்டும். ஆனாலும் 6 பாருக்கு மேல் என்றால் இந்த வசதி இல்லாத இயந்திரத்தை ஏற்கவே கூடாது என்பதுதான் எங்கள் கருத்து.

எங்கே நிற்கலாம் என்பதை இயந்திரம் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். நல்ல பாறையோ கெட்டிக் களியோ உள்ள இடங்கள். பல் பாதி தேய்ந்திருந்தாலும் அங்கே நின்று மாற்றிவிட்டுப் போவதுதான் சிக்கனம். அடுத்த 200 மீட்டர் மணல் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று போனால், மணலுக்கு நடுவே நிற்பீர்கள்.

முன்னறைக் கதவைப் பற்றி: 1991 அக்டோபரில் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் சுரங்கத்தில், அது ரயில் சுரங்கம்தான், முன்னறையில் பராமரிப்பு நடந்தபோது கடல்நீர் புகுந்து இரண்டு குழாய்கள் மூழ்கின. பிறகு கடல்தரையில் கிணறுகள் போட்டு இறைத்து, மண்ணுக்குள் இருந்த நீரழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மேலிருந்து உதவி கிடைத்த அபூர்வமான இடம் அது. ஒவ்வொரு ஷிப்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கதவின் வழியாக கேபிள், ஹோஸ், கம்பி எதுவும் ஓடக்கூடாது. தவிர்க்க முடியாமல் ஓடினால் ஒரே இழுப்பில் கழலும் இணைப்பு வேண்டும், கதவடியில் அதற்கென்று ஒரு ஆள் நிற்க வேண்டும்.

வால்பகுதி, ரிங், மிதப்பு

இயந்திரத்தின் வாலுக்கும் கட்டிய ரிங்குக்கும் இடையே கம்பிப் பிரஷ் வரிசைகள் மூன்று நான்கு இருக்கும், நடுவே கிரீஸ் அடைத்திருக்கும். கடலுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது அந்தக் கிரீஸ்தான். முதல் ரிங் ஏறும் முன் ஒவ்வொரு பிரஷ்ஷிலும் கையால் கிரீஸ் திணிக்க வேண்டும், கம்பியின் வேர் வரை. இதை அவசரமாக முடித்தால், சில நூறு மீட்டர் போன பிறகு சிமென்ட் கலவை பிரஷ்ஷுக்குள் புகுந்து இறுகிவிடும். இறுகிய பிரஷ் வளையாது, தண்ணீருக்கு வழிவிடும். கிரீஸ் பம்பு நின்றால் இயந்திரமும் நிற்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது.

ரிங்கைச் சுற்றி உள்ள இடைவெளியை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். 14 மீட்டர் துளைக்குள் 13.6 மீட்டர் ரிங் என்றால் மீட்டருக்கு 8.7 கன மீட்டர் கலவை. சிமென்ட்-பெண்டோனைட் ஒரு குழாயில், சோடியம் சிலிகேட் இன்னொன்றில். சேர்ந்த சில நொடிகளில் கூழாக இறுகிவிடும். கணக்கைவிடக் குறைவாக ஏறினால் எங்கோ குழாய் அடைத்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து குழாயைக் கழுவாமல் போனவரால்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

நிரப்பாத ரிங் மிதக்கும். மீட்டருக்கு 145 கன மீட்டர் கடல்நீரை அது விலக்குகிறது, எடை சுமார் 149 டன். 60 சென்டிமீட்டர் தடிமனுள்ள ரிங்கின் எடையோ சுமார் 61 டன்தான். மிச்சம் 88 டன் மேல்நோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது மேலே உள்ள மண்ணும், உறைந்த கலவையும், போல்ட்டும். நீரில் மூழ்கிய மண்ணின் எடை கன மீட்டருக்கு ஒரு டன்கூட வராது என்பதால், விட்டத்தின் அளவுக்காவது மூடாக்கு விடச் சொல்கிறார்கள்.

செக்மென்ட்டில் இரண்டு எதிரிகள்: உப்பில் உள்ள குளோரைடு, மூட்டில் நீரை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டின் பிசகு. கான்கிரீட் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாக உப்பு உள்ளே போகும். அனல்மின் சாம்பலோ உலைக்கசடோ கலப்பது அதற்குத்தான், மேட்டூர் சாம்பல் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தீயில் வெடித்துச் சிதறாமல் இருக்க, கன மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ பாலிபுரோப்பிலீன் இழை. கேஸ்கெட்டோ இரண்டு செக்மென்ட் 10 மில்லிமீட்டர் பிசகி உட்கார்ந்தாலே தன் பலத்தில் பெரும்பகுதியை இழக்கும். மூலை உடைந்த செக்மென்ட்டை ஏற்றாதீர்கள். உள்ளே போன பிறகு அதைக் கழற்ற முடியாது.

பெரிய இயந்திரம் போன பிறகு, இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குவழிகளை வெட்டும்போது கவனம் தளரும். கட்டிய ரிங்கை அறுத்துக் கடல்நீர் ஊறிய மண்ணைக் கையால் திறக்கும் வேலை அது. பெரும்பாலும் மண்ணை உறையவைத்துத்தான் செய்கிறார்கள். உப்புநீர் பூஜ்யத்தில் உறையாது, இரண்டு டிகிரி வாக்கில் கீழே போக வேண்டும், நீர் ஓடிக்கொண்டிருந்தால் அப்போதும் உறையாது. ரிங்கின் முதுகை ஒட்டிய மண் கடைசியாகத்தான் உறையும், ஏனென்றால் சுரங்கத்துக் காற்று அதைச் சூடாக்குகிறது. வெப்பமானியை அங்கே வையுங்கள், நடுவில் வைத்துத் திருப்திப்படாதீர்கள்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. ஏற்காடு மலைப்பாதையில் லாரி ஓட்டியவருக்கு நீண்ட சரிவில் பிரேக்கும் ஏற்றத்தில் இன்ஜினும் என்ன ஆகும் என்று தெரியும். ஓஸ்லோஃபியோர்டு சுரங்கத்தின் சரிவு 7 சதவீதம், 2011-ல் ஏறிக்கொண்டிருந்த ஒரு லாரி அங்கே தீப்பிடித்தது. ஒற்றைக் குழாய் என்பதால் ஓட மாற்று வழி இல்லை. புதிய சுரங்கங்களில் 5 சதவீதத்துக்குள் நிற்பதும், இரட்டைக் குழாய் கேட்பதும் இதனால்தான்.

ஷிப்ட் மாறும்போது

முகப்பை விட்டு வருபவர் அடுத்தவரிடம் வாயால் சொல்லி முடிக்கக்கூடாது. துளைவாரியாக நீர் அளவு, கடைசி கிரவுட் அழுத்தம், ஓடாத பம்பு, கழுவிய குழாய், கிரீஸ் பீப்பாயில் மிச்சம், எல்லாம் எழுத்தில். ஏற்காட்டுப் பாதையில் ஐப்பசி மழைக்குப் பிறகு எந்த விரிசலில் நீர் கசிகிறது, எது காய்ந்திருக்கிறது, எந்தத் திசையில் சாய்கிறது என்று நோட்டில் வரைந்து பழகுங்கள். கடலடியில் செய்யப்போவதும் அதுதான்.

கசியும் நீரின் அளவைவிட அதன் நிறம் முக்கியம். தெளிந்த நீர் நிமிடத்துக்கு 50 லிட்டர் வந்தாலும் பாறை நிற்கிறது. ஐந்து லிட்டர் கலங்கி வந்தால் உள்ளே எதையோ அரித்துக்கொண்டு வருகிறது. தெளிந்து வந்த துளை கலங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் வால்வை மூடுங்கள், முகப்பிலிருந்து ஆட்களை வெளியேற்றுங்கள், அழுத்தமானி காட்டும் எண்ணையும் நேரத்தையும் எழுதிவைத்துவிட்டு ஷிப்ட் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.